பழைய தோட்டா தேடிப் பொன்முடிவரை

1953-ஆம் வருஷம் தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில், செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்குத் தனியாக ரயிலேறினேன். காலை வண்டி. மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கைப்பையில் மாற்றுச் சேலை ஒன்று, என் கணவரின் துப்பாக்கி லைசென்ஸ், அவர் இடது கையால் கோணலாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த அதிகாரக் கடிதம். அடியில், மாதிரி காட்டுவதற்காகப் பழைய துண்டில் சுற்றி, வீட்டில் மிச்சமிருந்த மூன்று தோட்டாக்கள்.

அவர் காட்டு மரக் காண்டிராக்டில் மேஸ்திரிகளுக்கு மேலாளாக இருந்தவர். மலையிலேயே பாதி வாழ்நாள் போயிற்று. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியிடம் இரட்டைக் குழல் ரைபிள் ஒன்று வாங்கியிருந்தார். அதற்கு ‘ஐந்நூறு எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். தோட்டா ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன், நடுவிரல் நீளம். இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் மெல்லத் திரும்பியது. அதன் பிறகு சாயங்காலமானால் தோட்டாப் பெட்டியை எடுத்து வரச் சொல்வார். ஒன்றை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் இருப்பார். “இன்னும் கொஞ்சம் வாங்கி வச்சிரணும்” என்பார். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்டதில்லை.

சுட முடியாதவருக்குத் தோட்டா எதற்கு என்று கொழுந்தனார் கேட்டார். ரைபிளை விற்றுவிடச் சொன்னார். முன்பெல்லாம் அந்தி சாயும்போது மலைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வரும். பெரிய மரக்கதவை ஓங்கிச் சாத்தினாற்போல் கனத்த சத்தம். அது அவருடையது என்று தெருவில் எனக்கு மட்டும் தெரியும். அப்புறம் உலை வைத்தால், சோறு வடிக்கும் நேரத்துக்கு ஆள் வந்துவிடுவார். சட்டையில் தீபாவளி விடியற்காலை மணம் இருக்கும். வேட்டை எனக்குப் பிடித்ததே இல்லை. ஆனால் அந்தச் சட்டையைத் துவைக்கப் போடாமல் ஒருநாள் கொடியிலேயே விட்டுவைப்பேன்.

பகவதிபுரம் தாண்டியதும் வண்டி இருண்ட குகைக்குள் புகுந்து ஆரியங்காவுப் பக்கம் வெளிவந்தது. வறண்ட காற்று போய் ஈரக் காற்று முகத்தில் அடித்தது. கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலத்தை எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் அதற்கப்பால் தெரிந்த காட்டைப் பார்த்தேன். அவர் கால் படாத சரிவு அதில் எதுவும் இருக்காது. எதிரில் உட்கார்ந்திருந்த புனலூர் மிளகு வியாபாரி, நான் பள்ளிக்கூடத்து டீச்சர் என்று கேட்டறிந்து, டீச்சர் எதற்காகத் தனியே போகிறீர்கள் என்று விசாரித்தார். வீட்டுக்காரருக்கு மருந்து வாங்க என்றேன். தோட்டாவுக்குள் இருப்பதும் மருந்துதானே. அங்கே கிடைக்காத மருந்தில்லை என்று அவர் தைரியம் சொல்லிவிட்டுப் புனலூரில் இறங்கிப் போனார்.

கொல்லத்தில் வண்டி வெகு நேரம் நின்றது. ஓர் அணா கொடுத்து டீ வாங்கிக் குடித்தேன். பரவூர்க் காயலும் வர்க்கலைக் குன்றும் கடந்து தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கியபோது வெயில் தணிந்திருந்தது. நூறு மைலுக்குச் சற்றுக் குறைவான வழிக்குப் பகல் முழுவதும் ஆகிவிட்டது.

ஸ்டேஷனுக்கு என் நாத்தனார் கோமதியின் கணவர் சிதம்பரம் வந்திருந்தார். அவருக்கு ஆரியசாலையில் அரிசி மண்டி. மண்டிக்குப் பின்னாலேயே வீடு. சாலைக் கடைத்தெரு வழியாகக் குதிரை வண்டியில் போனோம். வற்றல், கருப்பட்டி, கயிறு, கோடித் துணி என்று பத்தடிக்கு ஒரு வாசனை மாறியது. கணக்கப்பிள்ளைகள் திருநெல்வேலித் தமிழில் எண்ணைச் சொல்ல, சுமைகாரர்கள் மலையாளத்தில் திருப்பிச் சொன்னார்கள். கோமதி அண்ணனைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டு, சாப்பிடும்போதே அழுதாள். ஊரில் எல்லோரும் சிரித்த என் காரியத்தைச் சொன்னதும் சிதம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை அவரே துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப் போனார்.

கோட்டைக்குக் கிழக்கே, மெயின் ரோட்டில் அந்தக் கடை இருந்தது. கடைக்காரர் நெற்றியில் சந்தனக் கீற்றோடு, நல்ல மரியாதையாகப் பேசினார். லைசென்ஸைப் படித்துவிட்டு என் தோட்டாவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய சிநேகிதனைக் கண்டதுபோல் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்து போயிற்று.

“இதை இப்ப ஆரும் உண்டாக்குறதில்ல, டீச்சரே. யுத்தத்துக்குப் பின்னெ சீமையிலிருந்து ஒண்ணும் வரல்ல, கேட்டோ. இனி வரவும் வராது.”

பிறகு கண்ணாடி அலமாரியிலிருந்து புதிய தோட்டாக்களை எடுத்து மேஜைமேல் நிறுத்தினார். ஒல்லியானவை. கழுத்துச் சிறுத்து, முனை கூர்ந்து, தங்கம்போல் மின்னின. புகை வராது, தோளில் இடிக்காது, முந்நூறு கஜத்துக்கு அப்பாலும் கோடு பிடித்ததுபோல் போகும் என்று விளக்கினார். பழைய ஐந்நூறு எக்ஸ்பிரஸோ, நூறு கஜம் தாண்டினால் தரையைப் பார்த்து இறங்கிவிடும். ஒன்று சுட்டால் புகை கலைந்து மிருகம் கண்ணுக்குத் தெரிவதற்குள் அது போய்விடும். பழைய ரைபிளைத் தந்தால் எடுத்துக்கொண்டு புதியது ஒன்று சகாயமாகத் தருவதாகவும் சொன்னார்.

இந்த ஐந்நூறு வந்து எத்தனை காலம் ஆகிறது என்று கேட்டேன். எழுபது கொல்லத்துக்கு மேல் காணும் என்றார். வருஷத்தை அவர்கள் கொல்லம் என்பார்கள்.

“உங்க புதுசும் எழுபது வருஷம் நிக்குமா?”

அவர் ஒல்லித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி வைத்தார். “அதைப் பாக்க நம்மளாரும் இருக்க மாட்டோம்” என்றார். பிறகு, பொன்முடி எஸ்டேட்டில் கூலியாட்களை மேற்பார்க்கும் கண்டக்டர் ஒருவரிடம் இதே ரைபிள் இருக்கிறது, அவர் கையில் தோட்டா இருந்தாலும் இருக்கலாம் என்றார். பெயர் தாணுமாலயன் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தென்மலைக் காட்டில் என் கணவரோடு கூடவே திரிந்த நாஞ்சில் நாட்டுப் பையன் அவர். எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறார். எந்த எஸ்டேட்டுக்குப் போனார் என்று தெரியாமலே இருந்தோம்.

பொன்முடிக்குப் பஸ் நிச்சயமில்லை. சிதம்பரத்தின் மண்டியிலிருந்து எஸ்டேட்டுக்கு அரிசி போகும் லாரி ஒன்று உண்டு. மறுநாள் அதில் டிரைவர் பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்தார். நெடுமங்காடு, விதுரை, மொத்தம் முப்பத்தெட்டு மைல். விதுரை தாண்டியதும் ஏற்றம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் டிரைவர் வண்டியை ஒருமுறை பின்னால் எடுத்துத் திருப்பினார். மூட்டைகள் முனகின. கல்லாறு எங்கோ கீழே வெள்ளை நூலாகிவிட்டது. மேலே போகப் போகத் தேயிலைச் சரிவுகளும், கூலியாட்கள் குடியிருக்கும் தகரக் கூரை லைன்களும், அவற்றின்மேல் பனிப்புகையாய் மஞ்சும். பகலிலேயே சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். இந்தக் குளிரில் அவர் கம்பளி இல்லாமல் திரிவார்.

தாணு ஃபாக்டரி வாசலில் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டதும் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டு, அண்ணாச்சி வரவில்லையா என்று லாரிக்குள் எட்டிப் பார்த்தார். பக்கவாதம் வந்ததைச் சொன்னேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். குவார்ட்டர்ஸுக்குப் போய், அவர் மனைவி காப்பி கொடுத்த பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்ல முடிந்தது. பாதி சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது.

“மைனி, நீங்க தோட்டா கொண்டாந்திருக்கீகன்னுல்லா நான் நெனச்சேன்.”

அவரிடமும் ஒன்றுகூட இல்லை. எஸ்டேட் மானேஜரிடம் புது மாதிரி ரைபிள் இருந்தது. அதற்குத் தோட்டா வரவழைக்கும் பெர்மிட் எங்கோ நின்றுபோய் மூன்று மழைக்காலமாக அது அலமாரியில் சும்மா கிடந்தது. அதன் தோட்டாவில் வேறு மருந்து எதையும் அடைக்க முடியாதாம். தாணுவோ ஐந்நூறின் பித்தளைக் கூட்டை எறியாமல் வைத்துத் திரும்பத் திரும்ப அடைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். ஈயத்தைத் தானே உருக்கி ஊற்றுவார். கோயிலில் வெடி வழிபாடு நடத்தும் வெடிக்காரர் கரிமருந்து தருவார். முரட்டு மருந்து தின்றும் அந்தக் கூடு கெடாது. அடியில் வைத்து மருந்தைப் பற்றவைக்கிற சின்னக் கேப் மட்டும் தீர்ந்துவிட்டது. பம்பாய்க்கு எழுதியிருந்தார், வரவில்லை.

இதற்கிடையில் லைனில் ஒரு கிழட்டுக் காட்டுப் பன்றி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தி நேரத்தில் சீனிக்கிழங்குப் பாத்திக்கு வரும். பொங்கலுக்கு முந்தின நாள், கொழுந்து கிள்ளிவிட்டுத் திரும்பிய ஒரு பெண்ணைத் தொடையில் கிழித்துவிட்டது. அவள் நெடுமங்காடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மற்றவர்கள் பொழுது சாயுமுன் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நான் பையைத் திறந்து துண்டை அவிழ்த்தேன். அவர் தொடவில்லை. அண்ணாச்சிக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டார். தோட்டா வாங்கப் போனவள் இருந்ததையும் கொடுத்துவிட்டு வந்தாள் என்றால் அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தபோது கை கூசியது. ஆனாலும் எடுத்து அவர் கையில் வைத்தேன்.

“எல்லாம் யுத்தத்துக்கு முந்தினது, தம்பி. ஈரத்தில் கெட்டிருந்தாலும் இருக்கும். பாத்துக்கிடுங்க” என்றேன்.

தாணுவின் ரைபிளில், தோட்டாவைத் தட்டுகிற சுத்தி ஒரு குழலில் உடைந்து வெகு காலமாகிவிட்டது. ஒரு குழல்தான் சுடும். அந்தியில் அதை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். நானும் அவர் மனைவியும் வாசலில் நின்றோம். லைனில் பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். கீழே பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்தது. அவர் மனைவி சேலை முந்தியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். நான் முறுக்கிய முந்திகள் நினைவுக்கு வந்தன.

சத்தம் வந்தது. மலைகளில் முட்டி இரண்டாவது முறையும் வந்தது. அதே கனம். என்னை அறியாமல் உலை வைக்க வேண்டும் என்று திரும்பினேன். திரும்பிய பிறகுதான் அது யார் வீடு என்று தெரிந்தது.

தாணு மெதுவாக மேலேறி வந்தார். லைன் ஆட்கள் நாலு பேர் பன்றியைக் கட்டித் தூக்கக் கம்பு எடுத்துக்கொண்டு எதிரே ஓடினார்கள். முதல் தோட்டா வெடிக்கவில்லை என்றார். சுத்தி விழுந்த ஓசைக்குப் பன்றி தலையைத் தூக்கிப் பார்த்ததாம். அவர் மரத்தின் பின்னால் ஒதுங்கி ரைபிளைத் திறந்து, கெட்டதை எடுத்து இரண்டாவதைப் போட்டிருக்கிறார். அதற்குள் அது ஓடி வரத் தொடங்கிவிட்டது. பத்தடியில் விழுந்தது. மிச்சமிருந்த ஒன்றை நீட்டினார். வேண்டாம் என்றேன். சுட்ட தோட்டாவின் வெறும் கூட்டை மட்டும் கேட்டு வாங்கி, வாழையிலைச் சருகில் பொதிந்துகொண்டேன்.

மறுநாள் காலை லாரியில் இறங்கினேன். லைன் பெண்கள் வழியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆரியசாலையில் ஓர் இரவு தங்கிவிட்டு ரயிலேறினேன்.

வீட்டில் அவரிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். கூட்டை இடது கையில் வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

“காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சுது?” என்றார்.

கவனிக்கவில்லை. மஞ்சு பள்ளத்திலிருந்து ஏறி வந்தது என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் தாணு கீழே நின்றிருக்கமாட்டான், ஆள் வாடை பன்றிக்குப் போய்விடும், பக்கவாட்டில்தான் போயிருப்பான் என்று தொடங்கி, இரண்டு வருஷத்தில் பேசாததையெல்லாம் பேசினார். நாக்குக் குழறியபோதும் நிறுத்தவில்லை. பழைய தோட்டா நிற்குமா நிற்காதா என்ற பேச்சே எங்களுக்குள் வரவில்லை. கடைசியில், பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த ரைபிளைப் பார்த்துச் சொன்னார்.

“தாணுகிட்டக் குடுத்திரு. ரெண்டு குழலும் நல்லா இருக்கு. இங்க சும்மாதானே தொங்குது.”

அதற்கான அனுமதி வாங்கி, சித்திரையில் தாணு வந்து எடுத்துப் போனார். சுவரில் இரண்டு ஆணிகள் மிஞ்சின. செங்கோட்டையும் பொன்முடியும் ஒரே மலைத்தொடரில்தான் இருக்கின்றன. ஆனால் இங்கிருந்து அந்த முடி தெரியாது. அத்தனை தூரத்துக்கு எந்தச் சத்தமும் வராது. அது இருவருக்கும் தெரியும். என்றாலும் அந்தி சாய்கிற நேரத்தில் அவர் நாற்காலியை மேற்கே திருப்பிப் போடச் சொல்வார். நான் திருப்பிப் போட்டுவிட்டு, அடுப்பை அப்புறம் மூட்டிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.