ஆணி இல்லாத கல்

பெங்களூரில் வேலை முடித்து, மாரிக்குப்பம் ரயிலில் ஊர் திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன். உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வரும்.

"பங்காருபேட்டையில யாருனா ஏறினாங்களாடி?"

"ஊரே ஏறிச்சு. என் கால மிதிச்சு கூழாக்கிட்டாங்க."

"நான் அத கேக்கல."

எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் என் அம்மாவின் அக்கா. அவள் புருஷன், அதாவது என் பெரியப்பா, பட்டாளத்தில் இருந்தவர். லீவில் வரும்போதெல்லாம் பங்காருபேட்டையில் இறங்கித்தான் எங்கள் ஊர் ரயில் ஏறுவாராம். பங்களாதேஷ் சண்டைக்குப் போனவர் திரும்பவில்லை. இறந்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. காணவில்லை என்று ஒரு தந்தி வந்ததோடு சரி. உடம்பு வரவில்லை, கல்லறையும் இல்லை. இதெல்லாம் நான் பிறப்பதற்கு முந்தைய கதை. அம்மா போனபிறகு ஆண்டர்சன்பேட்டை வீட்டில் மிஞ்சியது நானும் பெரியம்மாவும்தான். அலுத்துச் சலித்து வருகிறவளிடம் தினமும் இதே கேள்வியைக் கேட்டால் எரிச்சல் வராதா? எனக்கு வரும். வாயும் கொஞ்சம் நீளம்.

பெரியம்மாவின் முந்தானை முடிச்சில் எப்போதும் ஒரு பித்தளை டோக்கன் இருக்கும். பட்டாளத்தில் சேருமுன் பெரியப்பா இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஷாஃப்ட் என்கிற குழிவழியாகச் சுரங்கத்தில் இறங்குகிறவர் தன் நம்பர் போட்ட டோக்கனைப் பலகையிலிருந்து எடுத்துக்கொண்டு போவார். மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். ஷிஃப்ட் முடிந்தும் ஓர் ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். டோக்கன் வந்து சேரும்வரை தேடுவார்கள். எங்கள் ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. வேலையை விட்டபோது, டோக்கன் தொலைந்துபோச்சு என்று ஆபீஸில் ஒரு புளுகு புளுகிவிட்டு, பெரியப்பா அதைப் புதுப்பெண்டாட்டி கையில் கொடுத்தாராம். "வெச்சிரு, திரும்பி வந்து வாங்கிக்கறேன்" என்று விளையாட்டாகச் சொன்னாராம்.

அவர் காணாமல் போனபிறகு அவளுக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை.

"டோக்கன் என்கிட்ட கீது. அப்போ அவரு இன்னும் மேல வரல. வர்ற வரைக்கும் தேடுவாங்க" என்பாள்.

"அவரு போனது சண்டைக்கு பெரியம்மா. அங்க ஏது ஷாஃப்ட்டு, ஏது டோக்கன் ஆபீசு?"

"போடி, பெரிய படிச்சவ."

சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். டோக்கன் ஆபீஸ் கூரையில் அரச மரம் முளைத்துவிட்டது. தேடுவதற்கு யார் மிச்சம்? அதை மட்டும் நான் அவளிடம் கேட்டதில்லை. அவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லை நான்.

கல்லறைத் திருநாள் அன்று எங்கள் சனம் எல்லாம் கல்லறைகளுக்குச் சுண்ணாம்படித்து, சாமந்திப்பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும். பெரியம்மா என் அம்மாவுக்கு ஏற்றுவாள். தாத்தாவுக்கு ஏற்றுவாள். பக்கத்தில் கேட்பாரில்லாமல் கிடக்கும் கல்லறைகளுக்குக்கூட ஏற்றுவாள். பெரியப்பாவுக்கு மட்டும் ஏற்ற மாட்டாள்.

போன வருஷம், பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆனவர்கள் சேர்ந்து ராபர்ட்சன்பேட்டையில் ஒரு நினைவுக் கல் வைத்தார்கள். ஊரிலிருந்து சண்டைக்குப் போய், உடம்புகூடத் திரும்பாதவர்களின் பெயர்களைக் கறுப்புக் கல்லில் வெட்டியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு அழைக்க, கைத்தடி ஊன்றி ஒரு பெரியவர் வந்தார்.

"வந்து ஒரு மாலை போடுங்கம்மா. அவருக்குன்னு ஒரு எடமாச்சும் இருக்கட்டும்" என்றார்.

பெரியம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். நல்லபடியாகப் பேசி அனுப்பினாள். விழாவுக்குப் போகவில்லை. "பேரை வெட்டிட்டாங்க இல்ல? இனிமே எவன்டி தேடுவான்?" என்று அன்றைக்கு முழுக்க என்னிடம் புலம்பினாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவள் வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் என்னிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்துவிட்டது. ஆட்டோவில் வீடு வந்தோம். வாசலில் இறங்கியதும் கேட்டாள்.

"நான் பூட்டா டோக்கன் யாருகிட்ட இருக்கும்?"

"என் தலையில கட்டாதீங்க பெரியம்மா. அந்த மனுஷன் மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. என்னால முடியாது."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, அப்போ திருப்பிக் குடுத்துட வேண்டியதுதான்" என்றாள். அந்தக் குரலில் உயிரே இல்லை.

கல்லறைத் திருநாள் அன்று, கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் ஏற்றி முடித்தபிறகு, அந்தக் கல்லுக்கு அழைத்துப் போகச் சொன்னாள். உச்சி வெயில். புருஷன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தடவினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து டோக்கனைக் கையில் எடுத்தாள். பிறகு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மேலே பார்த்தாள், குனிந்து கீழே பார்த்தாள்.

"ஆணி எங்கடி?"

"இன்னா ஆணி?"

"டோக்கன் மாட்டறதுக்கு."

"கல்லுல யாரு பெரியம்மா ஆணி அடிப்பாங்க? கீழ வெச்சிட்டு வாங்க."

"கீழ போட்டுட்டு வர்றதுக்கு இது இன்னா பிச்சக் காசா?" மறுபடியும் அந்தப் பெயர்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இத்தன பேர எழுதிகீறாங்க. ஒருத்தருக்குக்கூட ஆணி இல்ல. அப்போ இவங்கள்ல ஒருத்தரும் இன்னும் மேல வரல."

அவள் என் கையைப் பிடித்து, டோக்கனை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். அவள் உடம்புச் சூடு அதில் இருந்தது. இந்தமுறை முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த வாரத்தில் நான் மட்டும் அந்தக் கல்லுக்குப் போனேன். டோக்கனை அங்கே வைத்துவிட்டு, தலைமுழுகிவிட்டு, நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் போனேன். குனிந்தேன். கை திறக்கவில்லை. வைத்துவிட்டால் தேடுவது நின்றுபோகும். இத்தனை வருஷமாகத் தேடியது யார்? அவள் ஒருத்திதான். அவளும் இல்லை என்றால் அந்த மனுஷனுக்கு யார் இருக்கிறார்கள்? டோக்கனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். எனக்கு என்மேலேயே பயமாக இருந்தது.

முன்பெல்லாம் பங்காருபேட்டை வரும்போது ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பேன். இப்போது முடிவதில்லை. ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன். இருந்தால் அவருக்கு எண்பது வயதாவது ஆகியிருக்கும். ஆனால் என் கண் கிழவர்கள்மேல் நிற்பதே இல்லை. வீட்டுச் சுவர் போட்டோவில் இருக்கிறாரே, இருபத்தாறு வயசுக்காரர், அவரைத்தான் தேடுகிறது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன். உள்ளேயிருந்து யாரும் கேட்பதில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

"இன்னைக்கும் ஏறல பெரியம்மா."