பதினொரு நிமிட ஜெபம்

கோரிப்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையை ஸ்டுடியோ என்று நான் மட்டும் சொல்லிக்கொள்வேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், துபாயிலிருந்து வந்த மினிடிஸ்க் ரெக்கார்டர், சத்தம் எதிரொலிக்காமலிருக்கச் சுவரில் ஆணியடித்த பழைய மெத்தை, அவ்வளவுதான். மினிடிஸ்க் மதுரையில் லேசில் கிடைக்காது, என்னிடம் மூன்றே மூன்று இருந்தன. பதிவைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியதும் டிஸ்கை அழித்துவிட்டு அடுத்தவருக்குப் பயன்படுத்துவேன்.

அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்பு என் அறைக்கு வந்தாள். எங்கள் கிறிஸ்தவச் சனங்களில் மணப்பெண் கோயிலுக்குக் கிளம்பும் முன், வீட்டிலேயே தாய் ஜெபம் பண்ணி அனுப்புவாள். அக்கா மகளுக்கு அப்போது ஏழு வயது.

"அவ கல்யாணத்தன்னைக்கு நான் இருந்தாலும் பேச்சு இருக்காதுடா. இப்பவே ஜெபிச்சு வச்சிட்டுப் போறேன்."

பதினொரு நிமிடம் ஜெபித்தாள். ஒரு முறை இருமினாள், ஒரு முறை சிரித்தாள். மகள் நகம் கடிப்பதை மாப்பிள்ளை வீட்டிலாவது விட வேண்டுமென்று ஆண்டவரிடமே புகார் வைத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அந்த வாரம்தான் கம்ப்யூட்டருக்குப் புது சவுண்ட் கார்டு வாங்கியிருந்தேன். ஆப்டிகல் கேபிளை மாட்டினால் ஒலி எண்களாகவே போய்ச் சேரும், வழியில் இரைச்சல் ஏறாது. அக்காவின் குரலுக்கு அதுதான் மரியாதை என்று நினைத்தேன். கடைக்காரத் தம்பி படித்துப் படித்துச் சொன்னான்.

"அண்ணே, கார்டை ரெக்கார்டரோட கிளாக்குக்கு மாத்திருங்க. ரெண்டும் தனித்தனியா ஓடக் கூடாது."

"நீ பொறக்குறதுக்கு முந்தியே வயர் புடிச்சவன்டா நான்" என்றேன். அந்தத் திமிரில் செட்டிங்கைத் திறந்துகூடப் பார்க்காமல் பதிவைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றினேன்.

ஒரே பாட்டுக்கு இரண்டு பேர் அவரவர் வேகத்தில் தாளம் போட்ட கதைதான். இரண்டு மெஷின்களும் ஒத்துப்போகாத இடங்களில் எண்கள் தவறி, ஒலி 'டிக்' என்று வெட்டுப்படும். எனக்கு அது கேட்கவில்லை. ஹெட்போனை ரெக்கார்டரில் மாட்டியிருந்தேன், அங்கே குரல் சுத்தமாக இருந்தது. மறுநாள் ஒரு கல்யாண ரெக்கார்டிங் வேலை. கம்ப்யூட்டரில் ஏறியதைப் போட்டுப் பார்க்காமலேயே, வழக்கம்போல டிஸ்கை அழித்தேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம் அக்கா வந்தாள், கழுத்தில் கட்டோடு. நோட்டில் "போடு" என்று எழுதிக் காட்டினாள். போட்டேன். முதல் வரியிலேயே டிக். மகளைப் பெயர் சொல்லி அழைத்த இடத்தில் பாதிப் பெயரைக் காணோம். சிரித்த இடத்தில் சிரிப்பு மூன்று துண்டாகக் கிடந்தது. நிறுத்தப் போனேன், வேண்டாமென்று சைகை காட்டினாள். பதினொரு நிமிடமும் கேட்டாள்.

"அக்கா, தப்பு என்னோடது. டிஸ்கையும் அழிச்சுட்டேன்" என்று சொல்லும்போதே உடைந்துவிட்டேன். என்னை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என் தலையைத் தடவினாள். நோட்டை எடுத்து வேகவேகமாக எழுதினாள்.

"இதுக்குப் போய் அழுவியா? இன்னொரு தடவ ஜெபிச்சாப் போச்சு. எடு."

மைக்கைத் தன் பக்கம் இழுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி வாயைத் திறந்தாள்.