படிவத்தில் எழுதிய "இல்லை"

ஆஸ்டின் டவுன் பக்கம் ஒரு சின்ன லேபில், நோயாளிகளின் சளியைத் தட்டில் பூசிக் கிருமி வளர்த்துப் பார்ப்பது என் வேலை. பதினெட்டு வருஷமாக எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "சாம்பிள் குடுக்கிறதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது போட்டீங்களா?" போட்டிருந்தால் கிருமி அரைகுறையாகச் செத்துப்போய்த் தட்டில் வளராது. டாக்டர் குத்துமதிப்பாக மருந்து கொடுக்க வேண்டியதுதான். போட்டேன் என்பவர்களை நான் திட்டாமல் அனுப்பியதில்லை. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே திட்டுவேன்.

போன மழைக்காலத்தில் எனக்கு ஃப்ளூ வந்தது. நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. "வைரஸ்தானே, தானாப் போயிடும்" என்று மனைவிக்கு வகுப்பெடுத்தேன். ஆறாம் நாள் குளிரோடு திரும்பி வந்தது. விலாவில் குத்து, மஞ்சள் சளி. வைரஸ் நுரையீரலைப் புண்ணாக்கிவிட்டுப் போக, பின்னாலேயே பாக்டீரியா நுழைந்துவிட்டது. லேபில் புதிதாகச் சேருபவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துவதே நான்தான். அப்பேர்ப்பட்ட மேதாவி என்ன செய்தேன்? மனைவி பல் பிடுங்கியபோது மிச்சமான ஆன்டிபயாடிக் நாலு, ஃப்ரிட்ஜ் மேல் டப்பாவில் கிடந்தது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஒன்று, சாயங்காலம் ஒன்று, மறுநாள் மீதி இரண்டு.

காய்ச்சல் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சளி எடுத்து என் லேபுக்கே அனுப்பிவிட்டு, ஊசி மருந்தைத் தொடங்கினார்கள். முன்பு ஆன்டிபயாடிக் எடுத்தாரா என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில், நானே "இல்லை" என்று எழுதிக் கொடுத்தேன். உண்மையை எழுதினால் என்னிடம் வேலை கற்ற பெண் அல்லவா படிப்பாள்? மூச்சுத் திணறலிலும் மானம் பெரிதாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். "அண்ணா, ஒண்ணுமே வளரல. நல்ல நியூஸ்தானே?"

டாக்டர் ரிப்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "எக்ஸ்ரேல நுரையீரல் சளி கட்டி வெள்ளையாத்தான் இருக்கு. ஆனா கிருமி வளரலையே. வெறும் ஃப்ளூதான் போல. இந்த ஊசிய நிறுத்திடலாமா?"

எனக்கு உயிர்ப்பயம் வந்துவிட்டது. "நாலு மாத்திரை போட்டேன் டாக்டர்" என்றேன்.

டாக்டர் வாயைத் திறக்குமுன் மனைவி கேட்டாள்: "எந்த மாத்திரைங்க? என் பல்லுக்கு வாங்கினதா?"

டாக்டர் ஊசியை நிறுத்தவில்லை, அந்த நாலு மாத்திரைக்கும் தப்பிய கிருமியாக இருக்கும் என்று குத்துமதிப்பாக வேறொன்றுக்கு மாற்றினார். பிழைத்தேன். என்னைக் கொல்லப் பார்த்த கிருமி எதுவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வேலைக்குத் திரும்பிய அன்று, ஜீவனஹள்ளியிலிருந்து வந்த ஒரு ஆட்டோக்காரர் இருமிக்கொண்டே சளி டப்பாவை நீட்டினார். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "இல்ல சார்" என்றார், சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு.

திட்ட வாய் வரவில்லை. "நானும் இல்லன்னுதாங்க எழுதிக் குடுத்தேன். போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றேன்.

அவர் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.