ளுஹருக்கு முன் முந்தலுக்கு

என் பெண்சாதி ஸுலைஹா எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால், நான் அந்த ஒரு நாளைத்தான் சொல்வேன். இருபது வருடமாக அவளோடு சண்டை பிடிக்கிறேன். ஒரு தடவையும் வென்றதில்லை, அது வேறு கதை.

பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம் அது. காலை ஒன்பது மணிக்கு அவள் பிறந்த ஊரான முந்தலிலிருந்து அவளுடைய அண்ணன் சாஹுல் ஹமீது நானா போன் எடுத்தார்.

"உம்மா மௌத்தாப் போய்ட்டா. பகல் ளுஹர்த் தொழுகையோட அடக்கம். கெதியா வாங்க."

ஜனாஸாவை அடக்காமல் பிந்த வைப்பது எங்களில் வழக்கமில்லை. பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதுமில்லை. உடலைத் தூக்கிப் போகும் சந்தூக்கு வீட்டைவிட்டு வெளிக்கிடுவதற்குள் போனால்தான் ஸுலைஹா உம்மாவின் முகத்தைப் பார்க்கலாம். நாங்கள் இருந்த கல்பிட்டியில் பஸ் இல்லை, ஓட்டோ இல்லை. இருந்தது என் பழைய மோட்டார் சைக்கிளும், இரண்டு நாள் வெயிலில் காய்ந்து வாங்கிய நாலு லீற்றர் பெற்றோலும்தான்.

தலவிலச் சந்தி தாண்டியதும் சைக்கிள் இருமிக்கொண்டு நின்றது. முதல் வேலையாக டாங்கி மூடியைத் திறந்து பார்த்தேன். அந்த நாட்களில் எனக்குப் பெற்றோல் பயம்தான் பெரிய பயம். பெற்றோல் இருந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டி உதைத்தேன். உடனே பிடித்தது.

"பாத்தியா, பிளக்தான்" என்றேன் பெருமையாக.

என் பெருமை நுரைச்சோலை வரைக்கும்தான் ஓடியது. மறுபடி மூடி, மறுபடி பிளக், கையும் சுட்டது. பாலாவியில் மூன்றாம் தடவை நின்றபோது மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அந்தச் சனியனைக் காலால் ஓர் உதை விட்டேன். நொந்தது என் கால்தான். திரும்பிப் பார்த்தால் ஸுலைஹா தெருவோரமாக நடந்துகொண்டிருந்தாள்.

"எங்க போறாய்?"

"முந்தலுக்கு."

"பதினைஞ்சு மைல்! உனக்கென்ன விசரா?"

"நீங்க அதோட மல்லுக்கட்டுங்க. எனக்கு உம்மாவப் பாக்கணும்."

எப்படியோ கிளப்பிக்கொண்டு போய் அவளை ஏற்றினேன். மதுரங்குளிக்குக் கிட்ட நாலாம் தடவை நின்றது. நான் பிளக் கழற்றும் சாவியை எடுத்துக்கொண்டு பிளக்கில் கை வைக்கப் போக, அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"பிளக்கத் தொட வேணாம். மூணு தரமும் நீங்க முதல்ல மூடியத்தான் திறந்தீங்க. திறக்கக்குள்ள உஸ்ஸெண்டு சத்தம் வருது. மூடிய மட்டும் திறந்துட்டு உதைங்க."

"ஓம், பெரிய மெக்கானிக்!" என்று உறுமியபடி மூடியைத் திறந்துவிட்டு உதைத்தேன்.

ஒரே உதையில் பிடித்தது. அவள் மூடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்த ஓட்டையில என்ன?"

மெழுகு. வைத்தவன் நான்தான். பெற்றோல் ஆவியாகப் பறந்துவிடும் என்று, மூடியில் இருந்த சின்னத் துளையை முந்தின நாள் மெழுகுதிரி உருக்கி அடைத்திருந்தேன். அந்த வழியால் காற்று உள்ளே போனால்தான் பெற்றோல் கீழே இறங்கும் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை. சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

நல்ல ஏச்சு விழும் என்று நின்றேன். அவள் பர்தாவில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினாள். ஒரு கையால் பர்தாவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மெழுகு முழுவதையும் தோண்டி எடுத்தாள்.

"ஓட்டுங்க" என்றாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சைக்கிள் ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஆனாலும் நாங்கள் முந்தலில் அவர்களுடைய தெருவுக்குள் திரும்பும்போது, சந்தூக்கு பள்ளிவாசலை நோக்கி எதிரே வந்துகொண்டிருந்தது. ஸுலைஹா சைக்கிள் நிற்பதற்கு முன்பே குதித்து ஓடினாள்.

"நானா! இறக்குங்க! அல்லாவுக்காக ஒருக்கா இறக்குங்க!"

நடுத்தெருவில் இறக்கினார்கள். ஆண்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, சாஹுல் ஹமீது முகத்தை மூடியிருந்த கபனை விலக்கினார். அவள் குனிந்து பார்த்தாள். "வந்துட்டன் உம்மா" என்றாள். பிறகு தன் கையாலேயே துணியை மூடிவிட்டாள்.

நான் தலை நிமிரவில்லை. அவள் என்னிடம் வந்தாள்.

"ஏன் நிக்கிறீங்க? போய்த் தோள் குடுங்க. என்னாலதான் வர ஏலா."

அவளைத் தெருவில் தனியே விட்டுவிட்டு, அவளுடைய உம்மாவைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தேன்.