சின்னச் சத்தத்தில் முழுப் பாட்டு

அவரை எல்லோரும் சவுண்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷம் மேடைக்கு மேடை ஒலிபெருக்கி கட்டினவர். சாயங்காலத்தில் வீட்டில் இருந்ததாகச் சரித்திரமே இல்லை. ஆள் உயர ஸ்பீக்கரை ஒட்டி நின்றபடி ஆற அமர டீ குடிப்பார். காது என்ன தகரத்தில் செய்ததா என்று மனைவி கேலி செய்வாள்.

அந்த மனைவிக்குத் தலையில் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு கரண்டி விழுந்தாலே அவள் முகம் சுருங்கும். நோய் மறுபடி வந்ததும் டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"பாட்டு கேக்கணும்ங்க. சத்தம் சின்னதா இருக்கணும், ஆனா பாட்டு முழுசா இருக்கணும்."

சத்தத்தைக் குறைத்தால் பாட்டு எலும்பும் தோலுமாகிவிடும் என்பது சவுண்டுக்காரருக்குத் தெரியாததா? அடித்தாளமும் மெல்லிய கீச்சொலியும்தான் முதலில் காதை விட்டு நழுவும். மனிதர் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். ஸ்பீக்கர்களைக் கட்டிலருகே இழுத்து, அவள் காது மட்டத்துக்கு முக்காலிகளில் ஏற்றினார். சுவரை ஒட்டி நகர்த்தியதும் தாளம் கனத்தது. ஃபேனை நிறுத்தினார், ஜன்னலைச் சாத்தினார். பிறகு அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, தன் காதுக்குச் சொல் சொல்லாகத் தெளியும்வரை கீச்சொலிக்கான ட்ரெபிள் திருகைக் கூட்டினார். திருகு கடைசியில் போய் முட்டி நின்றது.

எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் கண்ணீரோடு தலையாட்டினாள். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து சாயங்காலம்தோறும் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டு வைத்தார். அவளும் தினமும் அழுதாள். பாட்டில் கரைகிறாள் என்று நினைத்தார், பாவி மனிதர்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு, வெளியூரிலிருந்து வந்திருந்த மகளுக்கு அதே பாட்டைப் போட்டுக் காட்டினார். மகள் சட்டென்று காதைப் பொத்திக்கொண்டு, திருகைப் பாதிக்கு இறக்கினாள்.

"ஊசி குத்துற மாதிரி இருக்குப்பா. இதையா அம்மா கேட்டாங்க?"

"இப்ப எனக்கு வார்த்தையே கேக்கலையேம்மா" என்றார் அவர். சொன்ன பிறகுதான் விஷயம் அவருக்கே உறைத்தது. குறை பாட்டில் இல்லை, தன் காதில். மேடைகள் அதைத் தின்று தீர்த்திருந்தன.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவ."

மகள் அவர் அருகே வந்து உட்கார்ந்தாள்.

"போன்ல பாட்டைப் பத்தி அம்மா பேசினதே இல்லப்பா. 'உங்கப்பா இப்பல்லாம் சாயங்காலமானா என் பக்கத்துலயே இருக்கார்டி'ன்னு மட்டும் தினம் சொல்வாங்க."

சவுண்டுக்காரர் பாட்டை அணைத்தார். மனைவியின் தலையணையில் முகம் புதைத்து அழுதார். எவ்வளவு சத்தமாக அழுகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை.