ஆறரை அடி வேந்தனுக்கு அளவெடுத்தவர்

"திரும்பி நில்லுங்க" என்கிறார் சித்ரகலா அக்கா. சென்னையிலிருந்து வந்த நடிகர் திரும்பி நிற்கிறார். "கைய மேல தூக்குங்க. போதுங்க. இப்ப இந்தப் பொட்டிக்குள்ள மொகத்தக் காட்டுங்க." அது துணியின் நிறத்தைச் சோதிக்கும் விளக்குப் பெட்டி. வெயில் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, வீட்டு வெளிச்சத்துக்கு ஒன்று. மூன்றிலும் ஒரே நிறமாகத் தெரிந்தால்தான் துணி தேறும். நடிகர் குனிந்து முகத்தை உள்ளே நீட்டுகிறார். அக்கா விளக்குகளை மாற்றி மாற்றிப் போடுகிறார். மூன்றாவது விளக்கில் நடிகரின் கன்னம் லேசாகப் பச்சையடிக்கிறது. "கொஞ்சம் பாக்கோணுங்க" என்கிறார். எங்கள் கம்பெனியில் இதற்கு ஒரே பொருள்தான். நடிகர் மாலை ரயிலைப் பிடித்துவிடலாம்.

அவர் போன பிறகு அக்கா என்னிடம் குறிப்புச் சொல்வார். அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்வது என் வேலை. 'கழுத்து நீளம் ஒரு சென்டிமீட்டர் குறைவு. சிரித்தால் இடப்பக்கம் இழுக்கிறது. மூன்றாம் விளக்கில் நிறம் மாறுகிறது.' அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. சட்டை என்றால் உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிடலாம். "ஆள எப்படிங்க திருப்புறது" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மூடுவார்.

சித்ரகலா அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. திருப்பூரில் எங்கள் பின்னலாடைக் கம்பெனியில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறார். செக்கிங் மேசையில் பனியன் புரட்டும் பெண்ணாகச் சேர்ந்தவர், இன்று தரத்துக்குப் பொறுப்பான மேலாளர். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு பனியனும் கேட்டைத் தாண்டாது. அந்தச் சட்டத்தைப் போட்டவர் முதலாளி அய்யாசாமியே. பல ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை அக்கா வேண்டாம் என்றதை அவர் கப்பலேற்றினார். கன்டெய்னர் மூன்று மாதம் கடலில் உலாவிவிட்டுத் திரும்பி வந்தது. அன்றைக்கு எல்லோர் முன்னாலும் அவர் சொன்னாராம்: "இனிமேல் நானே சொன்னாலும் அம்மிணி கையெழுத்து இல்லாம எதுவும் போகாதுங்க." சொன்ன வார்த்தையை இன்று வரை மீறியதில்லை.

அக்காவின் கழுத்தில் தாலிக்கொடியோடு ஒரு சிறு நூல் கத்திரியும் தொங்கும். கோயில் வரிசையில் முன்னால் நிற்பவரின் சட்டையில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் அவருக்குத் தெரியாமலே நறுக்கிவிடுவார். கல்யாண வீட்டில் மணப்பெண்ணை வாழ்த்துவதற்கு முன் புடவையின் ஓரம் மடித்த தையலைப் பார்ப்பார். ஒருமுறை பேருந்து நடத்துநர் டிக்கெட் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டுப் பட்டன் எதிர்ப்பக்கம் தைக்கப்பட்டிருப்பதை அவருக்கு விளக்கியிருக்கிறார். அவர் அடுத்த நிறுத்தத்தில் விசில் ஊத மறந்தார்.

பல்லடத்திலிருந்து கம்பெனி பேருந்தில் வருவார். போக ஒரு மணி, வர ஒரு மணி. அந்த நேரத்தில்தான் 'ஒன்பது மதில் நாடு' படித்தார். மூன்று பாகம், ஆயிரத்து எண்ணூறு பக்கம். பறக்கும் யாளிகளும் பேசும் கோட்டைகளும் வரும் மாயக்கதை. எழுதிய ஆரோக்கியராஜ் சாத்தூர்ப் பக்கத்துக்காரர், இங்கே ஒரு சாயப்பட்டறையில் மேற்பார்வையாளர். எந்த நாளிலும் அவருடைய நகக்கண்ணில் ஏதாவதொரு நிறம் இருக்கும். அக்கா மூன்று பாகத்தையும் இரண்டு முறை படித்துவிட்டார். நான்காம் மதிலின் காவல்காரி சாகும் இடத்தில் அழுதுகொண்டே இருந்து இறங்கவேண்டிய இடத்தை விட்டிருக்கிறார். செக்கிங் மேசைப் பெண்களுக்கு மதியச் சாப்பாட்டின்போது தினம் ஓர் அத்தியாயம் சொல்வார். அதை வாசலில் நின்று கேட்ட முதலாளி, ஐந்தாம் நாள் நாற்காலி போடச் சொன்னார். பத்தாம் நாள் படம் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

எழுத்தாளரோடு மூன்று ஆண்டு ஒப்பந்தம். இந்தக் கார்த்திகைக் கடைசிக்குள் ஒரு காட்சியாவது படமாக வேண்டும். இல்லாவிட்டால் கதை ஆரோக்கியராஜுக்கே திரும்பிவிடும்.

தவறு தொடங்கியது போன மழைக்காலத்தில். ஒரு வெளிநாட்டு ஆர்டர் ரத்தாகி, ஒரு தையல் லைன் முழுவதும் சும்மா இருந்தது. ஆட்களைச் சும்மா உட்கார வைப்பது அய்யாசாமிக்குப் பிடிக்காது. நடிகர்கள் பிறகு வரட்டும், உடுப்பைத் தைத்து வைத்துவிடலாம் என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. பனியனைப் போடப்போகிறவரைப் பார்த்துவிட்டா இங்கே யாராவது பனியன் தைக்கிறார்கள்? இருநூற்றுப் பன்னிரண்டு உடுப்புகள், ஏற்றுமதி வழக்கப்படி சிறியது ஒன்றுக்கு நடுத்தரம் இரண்டு, பெரியது இரண்டு, மிகப் பெரியது ஒன்று என்ற கணக்கில் இறங்கின. ஒன்பது மதில் நாட்டின் படையும் அதே விகிதத்தில் அமைந்தது. கவசம் இன்டர்லாக் என்ற தடித்த பின்னல் துணியில், வெள்ளி பிரின்ட் போட்டது. யாளிக்கு, குளிர்கால ஜாக்கெட்டில் மிஞ்சிய சாம்பல் நிற ஃபிளீஸ். அதற்குள் புகுந்து நடந்து பார்த்த நான்கு பேரில் இருவருக்கு மயக்கம் வந்தது. மற்ற இருவரும் யாளியின் பின்பாதியை மட்டும் வெளியே இழுத்து வந்தார்கள்.

கதாநாயகன் வேந்தன் நெடுங்கோவின் உடுப்புக்கு மட்டும் அக்காவே அளவு போட்டார். முதல் பாகம், முப்பத்து நான்காம் பக்கம்: 'ஆறரை அடி உயரம், கதவை மறைக்கும் தோள்.' அக்கா டேப்பை எடுத்துக்கொண்டு போய் பேக்கிங் பிரிவின் கதவை அளந்தார். பின்னல் துணி இழுபடும் என்பதால் அதில் எட்டு சென்டிமீட்டர் குறைத்துக்கொண்டார். உடுப்பு வந்ததும் பார்த்து, கையெழுத்திட்டு, சீல் வைத்தார். சீல் வைத்த சாம்பிளில் யாரும் ஒரு தையலைக்கூட மாற்றக்கூடாது. இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆகவே அந்த உடுப்புக்குப் பொருந்துகிற மனிதரைத் தேட ஆரம்பித்தோம்.

பதினோரு நடிகர்கள் வந்தார்கள். உடற்பயிற்சிக்கூடத்திலிருந்து வந்த ஒருவர் கவசத்தைப் போட்டுவிட்டார், கழற்ற முடியவில்லை. சீரியலில் நடிக்கும் ஒருவரை அக்கா மூன்று முறை முகம் கழுவி வரச்சொன்னார். மூன்றாவது முறை அவர் புருவம் பாதிதான் இருந்தது. முதல் இயக்குநர், எந்தத் தேதியில் எத்தனை காட்சி முடிந்து பெட்டியில் ஏறும் என்று முதலாளி கேட்ட அன்றே போய்விட்டார். இரண்டாமவர் யாளியைப் பார்த்தார், டீ குடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். மூன்றாமவர் மூலனூர்ப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர். முகூர்த்த நாள்களில் வரமாட்டார்.

ஐப்பசியில் ஒருநாள் அய்யாசாமி, கடைசியாக ஒரு ஆள் இருக்கிறார் என்றார். அது அவருடைய மகன் முகிலன். இருபத்து மூன்று வயது, பிரின்டிங் பிரிவில் டிசைன் போடுகிறவன். ஐந்தடி மூன்று அங்குலம். உடுப்பைப் போட்டபோது கவசம் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. கைகள் எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை. முதலாளி உத்தரவு போடவில்லை. அவர் பேச்சில் உத்தரவு என்பதே கிடையாது. "ஏனுங்க அம்மிணி, ஒருக்கா பாருங்களேன்" என்றார். அக்கா பார்த்தார். "கொஞ்சம் பாக்கோணுங்க" என்றார்.

தேறாத சாம்பிளைச் சரிசெய்து மறுபடி கொண்டுவரலாம் என்பது வழக்கம். அய்யாசாமி மகனை மறுபடி கொண்டுவந்தார், உயரமான செருப்போடு. அக்கா மறுபடியும் குறிப்பு எழுதினார். மூன்றாவது தடவை தோளுக்குள் பஞ்சு வைத்திருந்தார்கள். குறிப்பில் அக்கா பஞ்சின் தரத்தைப் பாராட்டியிருந்தார்.

அந்த வாரம் கேன்டீனில் நானும் அக்காவும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது முகிலன் வந்து எதிரில் உட்கார்ந்தான். வேந்தன் ஏறவேண்டிய குதிரையைக் கண்டாலே தனக்குப் பயம் என்றான். கேமராவைக் கண்டால் அதற்கு மேல்.

"நீங்க ரிஜெக்ட் பண்ணீருங்க்கா. அப்பாகிட்ட நான் சொல்ல முடியாதுங்க. படம் எடுக்குறேன்னு மூணு வருசமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு."

"நான் உன்னைய ரிஜெக்ட் பண்ணுனா, கண்ணு, பையனே லாயக்கில்லன்னு ஊரே பேசும். ஒப்புதல் குடுத்தா படத்தப் பாத்துட்டுப் பேசும்."

அவன் போன பிறகு டீ ஆறிக்கொண்டிருந்தது. தனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். "அந்த நாலாம் மதில் தெறக்குற எடத்த மட்டும் பெரிய திரையில ஒருக்காப் பாத்துறோணும்."

கார்த்திகைக் கடைசி நாள் மதியம், சாம்பிள் அறையில் எல்லோரும் கூடினார்கள். மூலனூர்க்காரர் கேமராவோடு வந்திருந்தார், அன்று முகூர்த்தம் இல்லை. மாலைக்குள் வேந்தன் நெடுங்கோ பேக்கிங் பிரிவின் கதவைத் தள்ளித் திறக்கும் ஒரு காட்சியை எடுத்துவிட்டால் ஒப்பந்தம் பிழைத்துக்கொள்ளும். முகிலன் உடுப்புக்குள் நின்றான். அய்யாசாமி ஒப்புதல் தாளை அக்காவின் முன் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். அவசரப்படுத்துவது மரியாதை இல்லை என்று நினைப்பவர் அவர்.

அக்கா முகிலனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மூலையில் நின்ற ஆரோக்கியராஜ்தான் முதலில் வாய் திறந்தார். அன்று அவர் நகக்கண்ணில் ஊதா.

"மேடம், ஒரு யோசனை சொல்லுதேன். வேந்தன் ஆறரை அடின்னு நான்தானே எழுதுனேன். அஞ்சேகால் அடின்னு மாத்திக் குடுத்துருதேன். ஒரு பக்கம்தான்." பிறகு சிரிக்கப் பார்த்தார். "கதவ மறைக்கிற தோளு மட்டும் வேற எடத்துலயும் வருது. அதையும் எடுத்துருதேன். காவக்காரி சாகும்போது அதப் பாத்துக்கிட்டுத்தான் சாவா. அதுக்கு வேற ஏதாவது..."

முடிக்காமல் சுவரைப் பார்த்து நின்றார்.

ஒன்பது மதிலில் இரண்டை அவர் படச் செலவைக் குறைப்பதற்காக ஏற்கெனவே இடித்துக் கொடுத்திருந்தார். அப்போதெல்லாம் அக்கா எதிர்ப்புச் சொன்னதில்லை. இப்போது அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, உடுப்புக் கோப்பை எடுத்துத் தரச் சொன்னார். நடிகர்களின் கோப்பா என்று கேட்டேன். இல்லை, உடுப்புக் கோப்பு என்றார்.

கோப்பில் முதல் பக்கத்தைத் திறந்தார். போன ஆண்டு அவர் போட்ட கையெழுத்தும் சீலும் அங்கே இருந்தன. ஸ்கேலை வைத்துக் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கீழே எழுதியதை நான் பின்னால் தட்டச்சு செய்தேன்: 'தோள் தையல் பலமில்லை. 212 உடுப்பும் ஒரே லைனில் தைத்தவை. அனைத்தும் மறுபடி தைக்கப்பட வேண்டும்.'

"பையன் மேல ஒரு கொறையும் இல்லீங்ணா. உடுப்புலதான் தப்பு. நான்தான் கவனிக்காம உட்டுட்டனுங்க."

அய்யாசாமி கோப்பை எடுத்து நீண்ட நேரம் படித்தார். மொத்தம் மூன்று வரிதான்.

"இத்தன வருசத்துல நீங்க போட்ட கையெழுத்த நீங்களே அடிச்சதில்லீங்களே, அம்மிணி."

"இல்லீங்."

"அப்ப இன்னைக்கு..."

"இன்னைக்கு ஆகாதுங்ணா. கட்டிங்ல இருந்து வரோணும். இருவது நாளாவது புடிக்கும்."

அவர் மகனைப் பார்த்தார், எழுத்தாளரைப் பார்த்தார், கடைசியாக உடுப்பைப் பார்த்தார். உடுப்பை யாரும் தொட்டுச் சோதிக்கவில்லை. சட்டம் சட்டந்தானுங்களே என்றார், தனக்குத்தானே சொல்வதைப் போல. பிறகு கேன்டீனுக்குப் போன் போட்டு எல்லோருக்கும் டீ சொன்னார். மூலனூர்க்காரருக்குச் சர்க்கரை இல்லாமல். ஒப்பந்தக் காகிதத்தை மேசை இழுப்பறையிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் ஆரோக்கியராஜிடம் நீட்டினார். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் நின்று, "அப்ப வேந்தன் ஆறரை அடியேதான்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

டீ வந்தது. முதலாளி மூலனூர்க்காரரோடு வெளியே போனார். முகிலன் மட்டும் அந்தக் கவசத்துக்குள் நின்றுகொண்டிருந்தான். பின்பக்க முடிச்சு அவன் கைக்கு எட்டவில்லை. அக்கா போய் அவிழ்த்துவிட்டார். அவன் ஏதோ சொல்ல வந்தான், "டீ ஆறுது, போ கண்ணு" என்று அனுப்பிவிட்டார்.

அறையில் நான் இருப்பதை அவர் மறந்திருக்க வேண்டும். உடுப்பை மேசையில் விரித்தார். தோள் தையலின் இருபுறமும் துணியைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்தார். ஒரு நூல்கூட அசையவில்லை. அந்தத் தையலைப் பெருவிரலால் கழுத்திலிருந்து கை வரைக்கும் ஒருமுறை மெதுவாக நீவிவிட்டு, ஏற்றுமதிக்கு மடிப்பது போல ஓரம் ஓரமாக மடிக்க ஆரம்பித்தார்.