பிரி கட்டாத பக்கம்

காலை ஆறு இருபதுக்கு முதலில் கண்ணில் பட்டது ஒரு ஆட்டின் வாய். கடைவாயில் பச்சை இலை நுனி தொங்கிக்கொண்டிருந்தது. அது சோள இலை என்று தெரிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன். 

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். மதுரையில் நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்த நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். சிங்கம்புணரிக்குத் தெற்கே எங்களுக்கு இரண்டு ஏக்கர் செம்மண் காடு, மானாவாரி. அப்பா வாத்தியார், பள்ளிக்கூடத்தோடு நின்றுகொள்வார். காடு அம்மாவின் பொறுப்பு. வருடா வருடம் சோளமே போட்டு மண் சத்துக் கெட்டிருந்தது. வேளாண் அலுவலர் ஒருவர் சொன்னதைக் கேட்டு அந்த வருடம்தான் அம்மா காட்டை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் சோளம். மறுபாதியில் தீவனத்துக்குக் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும். அதை இரண்டு வருடம் உழாமல் ஆடு மேய விட வேண்டும். பிறகு சோளத்தையும் புல்லையும் இடம் மாற்ற வேண்டும்.

"வீட்டுல ஒத்த ஆடு கெடையாது. புல்ல நீகளே திங்கப் போறீகளா?" என்று பஸ் நிறுத்தத்தில் ஒருவர் கேட்டார்.

"ஒங்களுக்கும் ஒரு கட்டு குடுத்து விடுறேண்ணே" என்றார் அம்மா.

ஆடு பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இருந்தது. காடு கழனி இல்லாத டவுன் பக்கம், செக்காலையில் பிறந்து வளர்ந்து, எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முஸ்லிம் பெண். கணவர் சவுதியில். அவர் அனுப்புவது போதாமல் எட்டு வெள்ளாடுகள் வாங்கியிருந்தார். புல் வேர் பிடித்ததும் அவை பகலில் எங்கள் காட்டில் மேயும், இரவில் அங்கேயே கிடையில் அடைந்து கிடக்கும், எரு எங்களுக்கு என்று பேச்சு.

எங்கள் பக்கம் வைக்கோலை முறுக்கிய பிரியைக் கம்பில் சுற்றி நட்டிருந்தால் அந்தக் காட்டுக்குள் ஆடு விடமாட்டார்கள். அறுப்பு முடிந்ததும் பிரியைப் பிடுங்கிவிடுவார்கள். பிறகு யார் ஆடும் மேயலாம். தையில் சோளம் அறுத்த கையோடு அம்மா அங்கிருந்த கம்புகளைப் பிடுங்கி இளம்புல்லைச் சுற்றி நட்டார். அதன்பின் எதிர்பாராமல் ஒரு மழை பெய்து, சோளக் கட்டைகள் துளிர்த்து, வெயிலில் வாடின. அப்படி வாடிய துளிர் ஆட்டுக்கு நஞ்சு. உழுதுவிடலாம் என்று அன்று காலைக்கு அம்மா டிராக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் காட்டுக்கு வந்திருந்தோம்.

ஆடுகள் எங்களுக்கு முன்பே வந்திருந்தன.

"புல்லுக்குள்ளதான்க்கா பாய்ஞ்சுச்சுக. பிரி கட்டியிருக்குன்னு நான்தான் இங்குட்டு முடுக்கிவிட்டேன்" என்றார் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே.

"அங்குட்டே விட்டிருக்கலாமே தாயி! இது சோளத் துளிரு!"

அவருக்குப் புரியவில்லை. அம்மா ஓடுவதைப் பார்த்துத்தான் புரிந்தது. மூவரும் ஆடுகளை வரப்புக்கு விரட்டினோம். நஞ்சை முறிக்க வெல்லம் எடுத்துவர அம்மா என்னை அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது சினை ஆடு கால் பின்னி நின்றது. மூச்சு விசிலடித்தது. கொம்பைப் பிடித்து வாயைத் திறந்தேன். அம்மா வெல்லத் தண்ணீரை ஊற்றினார். பாதி என் கையில் வழிந்தது. கழுத்து நடுங்குவது உள்ளங்கையில் தெரிந்தது. பிறகு அந்த நடுக்கமும் நின்றுவிட்டது.

மற்ற ஏழும் வரப்பில் நின்றன. ஒன்று தும்மினாலும் மூவரும் திரும்பினோம். ஒன்று படுத்தது. அந்தப் பெண் அதன் வயிற்றில் கை வைத்து, "அல்லா, இது வேணாம்" என்றார். டிராக்டர் வந்து நின்றது. என்ஜினை நிறுத்தச் சொல்லி அம்மா கையைக் காட்டினார். வெயில் முதுகில் ஏறும்வரை யாரும் உட்காரவில்லை. படுத்த ஆடு எழுந்து அசைபோட ஆரம்பித்தது. அதன் பிறகும் அந்தப் பெண் கையை எடுக்கவில்லை.

"இனி ஒங்க காட்டுப் பக்கமே வரமாட்டேன்க்கா" என்றார்.

 அம்மா போய்ப் புல்லின் மேற்கு மூலையில் இருந்த கம்பைப் பிடுங்கி, பிரியோடு கொண்டுவந்து சோளக் காட்டு ஓரத்தில் ஊன்றினார்.

மறுநாள் காலை புல்லுக்குள் ஏழு ஆடுகள் மேய்ந்தன.